மூன்று கோடையாக மூன்று முறை கேஸ்: ஏசி பழுதுக்கு டெல்லியில் எவ்வளவு கொடுப்பது நியாயம்?

யமுனைக்கரை
மே 18, இரவு 10.40

டெல்லியில் இருக்கும் தமிழர்கள் யாராவது வழி சொல்லுங்கள். எங்கள் வீடு மயூர் விகார் முதல் கட்டத்தில், மூன்றாம் மாடியில் இருக்கிறது. படுக்கையறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி, இன்வெர்ட்டர் வகை (தேவைக்கேற்ப வேகம் கூடிக் குறைவது). வாங்கி இது ஆறாவது கோடை. முதல் மூன்று கோடை ஒரு குறையும் இல்லை. நான்காம் ஆண்டு குளிர் குறைந்தது. வந்த மெக்கானிக் மீட்டரைப் பொருத்திப் பார்த்து, "கேஸ் கம் ஹை" (கேஸ் குறைவாக இருக்கிறது) என்று நிரப்பிவிட்டு ரூ.2,800 வாங்கிக்கொண்டார். சென்ற ஆண்டு ஏப்ரலில் மறுபடியும் அதே பேச்சு, ரூ.3,000. நேற்று வேறொருவரை அழைத்தேன். அவரும் கேஸ்தான் என்கிறார், ரூ.3,500 கேட்கிறார்.

என் மாமியாருக்கு 78 வயது. நள்ளிரவில் வியர்த்து எழுந்து, நனைத்த துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, பால்கனிக் கதவருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அதைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் பேரம் பேசுவது? கொடுத்துத் தொலைக்கலாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் மனம் ஒப்பவில்லை. கேஸ் நிரப்புவது ஆண்டுதோறும் வரும் செலவுதானா? உங்கள் வீடுகளில் எதற்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று சொன்னால் எனக்கு ஒரு பிடி கிடைக்கும்.

ஆர்.கே.புரம் பெரியவர்
மே 18, இரவு 11.25

அம்மா, நான் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவன். வீட்டுச் செலவை நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. கடந்த நான்கு ஆண்டுகளில் எங்கள் இரண்டு ஏசிக்கும் என் மகள் வீட்டு ஏசிக்கும் ஆன செலவை அப்படியே எடுத்துத் தருகிறேன். இவை நாங்கள் கொடுத்த தொகைகள். உங்கள் பகுதியில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

சாதாரண சர்வீஸ், தண்ணீர் அடித்துக் கழுவுவது, ஒரு முறைக்கு ரூ.600. கம்பெனியின் ஆளை வரவழைத்தால் வந்து பார்ப்பதற்கு மட்டுமே ரூ.500, அதற்கு மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. பழைய ஏசியில் கெப்பாசிட்டர் (மோட்டாரைக் கிளப்பிவிடும் சின்ன உறுப்பு) மாற்றியது ரூ.550. வெளி யூனிட்டின் விசிறி மோட்டார் ரூ.2,400. மகள் வீட்டில் கழற்றி வேறு வீட்டில் மாட்டியது ரூ.2,200, கூடுதல் செப்புக்குழாய்க்கு மீட்டர் கணக்கில் தனி. கம்ப்ரசர் ஒரு முறை போனது, அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன், அது பெரிய கதை. கேஸ் நிரப்பியது இந்த நான்கு ஆண்டுகளில் ஒரே ஒரு முறை. அதுவும் வீடு மாற்றியபோது குழாய் முனையைச் சரியாக இறுக்காததால் வந்த வினை.

ஆகவே ஆண்டுதோறும் கேஸ் என்பது வழக்கமான செலவு அல்ல. மூன்று ஏசியில் நான்கு ஆண்டில் ஒரு முறை எங்கே, ஒரே ஏசியில் மூன்று ஆண்டில் மூன்று முறை எங்கே!

கோட்லா மெக்கானிக்
மே 19, காலை 6.10

அக்கா, வேலைக்குக் கிளம்பும் முன் எழுதுகிறேன். நான் விழுப்புரத்துக்காரன், ஐடிஐ படித்துவிட்டு வந்து டெல்லியில் 19 ஆண்டுகளாக இதே தொழில். கோட்லா முபாரக்பூரில் சின்னக் கடை.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிபொருள் அல்ல, ஓடி ஓடித் தீர்ந்துபோவதற்கு. மூடிய குழாய்க்குள் அதே கேஸ் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. உள் யூனிட்டின் காயிலில், அதாவது செப்புக்குழாய்ச் சுருளில், அது ஆவியாகி அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி வெளி யூனிட்டுக்குத் தள்ளுகிறது. அங்கே சூட்டை விட்டுத் திரவமாகித் திரும்பி வருகிறது. ஓட்டை இல்லாத ஏசியில் பத்து ஆண்டுகள் கழித்தும் அதே கேஸ்தான் இருக்கும். குறைந்தது என்றால் எங்கேயோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடாமல் நிரப்புகிறவர் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறார். அடுத்த ஏப்ரலில் நீங்களே அவரை அழைக்கப் போகிறீர்கள்.

சரியாகச் செய்வதென்றால் எப்படி என்று சொல்கிறேன். முதலில் குழாய் முனைகளில், அதாவது பித்தளை நட்டு இறுக்கிய நான்கு இடங்களிலும், சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். பாதிக் கசிவு அங்கேதான் பிடிபடும், எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். அங்கே இல்லை என்றால் மீதிக் கேஸை எடுத்துவிட்டு, நைட்ரஜன் சிலிண்டரை இணைத்து 300 பிஎஸ்ஐ அளவுக்கு அழுத்தம் ஏற்றி, மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். மீட்டர் முள் இறங்கினால் கசிவு உறுதி. உள் யூனிட்டையும் வெளி யூனிட்டையும் தனித்தனியாகச் சோதித்தால் எந்தப் பக்கம் என்பது தெரிந்துவிடும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் சிலிண்டரை யாராவது இணைக்கப் பார்த்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். உள்ளே இருக்கும் எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும், ஆளைக் கொன்றுவிடும்.

கசிவை அடைத்த பிறகு வாக்குவம் பம்பு வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். நான் அரை மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியதே இல்லை. பம்பு கொண்டுவராமல், கொஞ்சம் கேஸைப் பீய்ச்சிவிட்டு, "காற்று போய்விட்டது" என்பவர்கள் இருக்கிறார்கள். ஈரம் உள்ளே தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகும், கம்ப்ரசருக்கு அது எமன். கடைசியில் கேஸை எடை போட்டுத்தான் ஏற்ற வேண்டும். வெளி யூனிட்டின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தகட்டில் என்ன கேஸ், எத்தனை கிலோ என்று அச்சிட்டிருக்கும். உங்களுடையது ஆர்32 ஆக இருக்கலாம், பார்த்துச் சொல்லுங்கள். சிலிண்டரைத் தராசில் வைத்து, ஏற்றுவதற்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் செய்து நான் வாங்குவது ரூ.3,200 முதல் ரூ.3,800 வரை. ஆக உங்களிடம் கேட்கும் ரூ.3,500 அதிகத் தொகை அல்ல அக்கா. அதற்கு அவர் என்ன செய்து கொடுக்கிறார் என்பதுதான் கேள்வி. மீட்டரும் சிலிண்டரும் மட்டும் எடுத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் கிளம்பினால் ரூ.1,500 கூட அதிகம்.

லட்சுமி நகர்
மே 19, காலை 9.02

நான் உடன்படவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். கசிவு காயிலில் என்றால் புதுக் காயில், கூலி, கேஸ் எல்லாம் சேர்த்துப் பத்தாயிரத்தைத் தாண்டும். ஆண்டுக்கு மூவாயிரம் என்றால் மூன்று கோடை ஓட்டலாம், அதற்குள் ஏசிக்கும் வயதாகிவிடும், மாற்றிவிடலாம். எங்கள் வீட்டில் நான்கு ஆண்டுகளாக இப்படித்தான். எல்லோராலும் ஒரே நேரத்தில் பத்தாயிரம் புரட்ட முடியாது.

கோட்லா மெக்கானிக்
மே 19, இரவு 9.48

லட்சுமி நகர் அண்ணா, ஒரே நேரத்தில் பணம் புரட்ட முடியாத நிலை எனக்கும் தெரியும், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் கணக்கில் இரண்டு செலவு விட்டுப்போயிற்று.

ஒன்று மின்சாரம். ஏப்ரலில் நிரப்பிய கேஸ் ஜூன் வரை மெல்ல மெல்லக் குறைகிறது. குறையக் குறையக் குளிர் வருவதற்கு அதிக நேரம் ஓடுகிறது. இன்வெர்ட்டர் வகை வேகத்தைக் குறைத்து ஓய்வாக ஓட வேண்டிய நள்ளிரவிலும் முழு வேகத்தில் ஓடும். இரண்டாவது செலவு, கம்ப்ரசர். அதன் சூட்டைத் தணிப்பதும், எண்ணெயைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பதும் அந்தக் கேஸ்தான். கேஸ் குறைந்த நிலையில் மாதக்கணக்கில் ஓடும் கம்ப்ரசர் சுட்டுச் சுட்டு ஒரு நாள் நின்றுவிடும். அப்போது மூவாயிரத்தில் முடியாது.

இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. வெளியே போகும் கேஸ் எங்கும் மறைந்துவிடுவதில்லை. ஒரு கிலோ ஆர்32 காற்றில் கலந்தால் 675 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமம் என்பது கணக்கு. பழைய ஆர்22 என்றால் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல், 1,810. இந்த ஊரின் வெயிலை நம் கையாலேயே ஏற்றுகிறோம். தொழிலில் இருப்பவன் என்ற முறையில் எனக்கு இது உறுத்துகிறது.

சரோஜினி நகர்
மே 20, காலை 7.30

மீட்டரில் முள் குறைவாகக் காட்டினால் மட்டும் நம்பிவிடாதீர்கள். சென்ற ஆண்டு என் கண்ணெதிரே நடந்ததை எழுதுகிறேன்.

வந்தவர் வெளி யூனிட்டின் தடித்த குழாயில் மீட்டரை மாட்டினார். நான் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். முள் 130-க்கு அருகில் நின்றது. "பார்க்கிறேன்" என்று சொல்லி, மெல்லிய குழாயின் வால்வு மூடியைக் கழற்றி, உள்ளே ஆறுமுகச் சாவியை விட்டுச் சின்னதாக ஒரு திருகு திருகினார். ஒரு நிமிடத்தில் முள் 60-க்கு இறங்கியது. "பாருங்கள், கேஸ் இல்லை" என்றார். எனக்குத் திகைப்பாக இருந்தது. கணவர் கடற்படையில் குளிர்பதனப் பிரிவில் இருந்தவர், உள்ளேயிருந்து வந்து, "அந்த வால்வைத் திறந்துவிட்டுச் சொல்லுங்கள்" என்றார். திறந்ததும் முள் பழைய இடத்துக்கு ஏறியது. அந்த வால்வை மூடினால் உள் யூனிட்டுக்குக் கேஸ் போகாது, முள் இறங்கத்தான் செய்யும். அவர் ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் ஏசியின் உண்மையான குறை வெளி யூனிட்டுக்குப் பின்னால் புறா கட்டியிருந்த கூடு. காற்றுப் போக வழியில்லை. கூட்டை எடுத்துக் கழுவியதோடு சரியாகிவிட்டது, ரூ.600.

எல்லா மெக்கானிக்கும் இப்படி என்று சொல்ல மாட்டேன். கோட்லாத் தம்பி எழுதியதைப் படித்தாலே தெரிகிறது. ஆனால் வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். தேநீர் போட உள்ளே போய்விடாதீர்கள்.

கோட்லா மெக்கானிக்
மே 20, காலை 7.55

நூறு விழுக்காடு உண்மை அம்மா. இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். இன்வெர்ட்டர் ஏசியில் கம்ப்ரசரின் வேகம் கூடிக் குறைவதால் முள்ளும் கூடிக் குறையும். ஒரு நொடி பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல முடியாது. வீட்டில் சமையல் வெப்பமானி இருந்தால் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். கதவு ஜன்னல் மூடி, அதிகக் குளிரில் வைத்து இருபது நிமிடம் ஓடவிட்டு, உள் யூனிட்டின் மேல்பக்கம் காற்று உள்ளே போகும் இடத்தில் ஒரு முறை, கீழே குளிர்காற்று வரும் இடத்தில் ஒரு முறை வெப்பத்தை அளந்து பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வரை வித்தியாசம் இருந்தால் கேஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

நொய்டா பொறியாளர்
மே 20, பகல் 1.15

இன்வெர்ட்டர் ஏசி வைத்திருப்பவர்களைப் பெரிதாக அடிப்பது சர்க்யூட் போர்டுதான், கேஸ் அல்ல. எனக்குச் சென்ற ஜூலையில் நடந்தது. மின்சாரம் போய் வந்தது, வெளி யூனிட் எழவே இல்லை. கம்பெனியின் ஆள் வந்து போர்டு முழுவதும் போய்விட்டது, புதியது ரூ.9,800 என்றார். உறையைத் திறந்து காட்டச் சொன்னேன். போர்டின் மேல் கருகிக் காய்ந்துபோன ஒரு பல்லி கிடந்தது. அதன் வால் ஒரு முனையிலும் முன்கால் இன்னொரு முனையிலும் பட்டிருந்தது. அதைச் சுற்றிக் கருமை.

போர்டைக் கழற்றிச் செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோனேன். எரிந்துபோன இரண்டு உறுப்புகளை மாற்றிச் சோதித்துக் கொடுத்தார்கள், ரூ.2,200. பத்து மாதமாக ஓடுகிறது. எல்லாப் போர்டையும் இப்படிச் சரிசெய்ய முடியாது, கம்ப்ரசரை ஓட்டும் பகுதியே வெடித்திருந்தால் புதியதுதான். ஆனால் மாற்றுவதற்கு முன் பழுதுபார்க்கும் ஒருவரிடம் காட்டாமல் பணம் கட்டாதீர்கள். வாரண்டி இருக்கும்போது மட்டும் வெளியாள் கை வைக்க விடாதீர்கள், அது போய்விடும். கம்பி நுழையும் துளையைச் சிலிக்கோன் பசை வைத்து அடைத்துவிடுங்கள். ஐம்பது ரூபாய் வேலை.

கெப்பாசிட்டர் போய்விட்டது என்று யாராவது சொன்னாலும் எந்த வகை ஏசி என்று யோசியுங்கள். பழைய வகையில் அது அடிக்கடி போகும் பொருள்தான். வெளி யூனிட் ‘ம்ம்’ என்று முனகிவிட்டு நிற்கும். இன்வெர்ட்டர் வகையின் கம்ப்ரசருக்கு அப்படி ஒரு கெப்பாசிட்டரே கிடையாது, போர்டுதான் அதை ஓட்டுகிறது.

கிழக்குப் படேல் நகர்
மே 20, மாலை 6.20

வாடகை வீட்டில் வீட்டுக்காரரின் ஏசி. சர்வீஸ் நான், பெரிய பழுது அவர் என்று பேச்சு. எது பெரியது என்பதில்தான் ஆண்டுதோறும் சண்டை. இப்போது ஒப்பந்தத்தில் ரூ.1,000-க்கு மேல் போனால் அவர் என்று எழுதிக்கொண்டோம். மற்றவர்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆர்.கே.புரம் பெரியவர்
மே 20, இரவு 8.45

கம்ப்ரசர் கதையைச் சொல்கிறேன் என்றேன். எங்கள் கூடத்து ஏசிக்குக் கம்ப்ரசர் வாரண்டி பத்து ஆண்டுகள் என்று பெட்டியிலேயே பெரிய எழுத்தில் இருந்தது. ஏழாம் ஆண்டில் அது நின்றது. இலவசமாக மாற்றித் தருவார்கள் என்று நிம்மதியாக இருந்தோம். கம்ப்ரசர் இலவசம்தான். கேஸ், பற்றவைப்புக் கூலி, கொண்டுவரும் செலவு, வரி என்று ரூ.4,600 பில் வந்தது. வாரண்டி அட்டையைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். "பொருளுக்கு மட்டும்" என்று பொடி எழுத்தில் இருந்தது. ஆகவே முதல் ஆண்டு முடிந்தபின் எது எதற்கு வாரண்டி, காயிலுக்கு உண்டா, கூலிக்கு உண்டா என்பதை வாங்கும் அன்றே படித்துவிடுங்கள்.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் அப்படியே. மலிவாகத் தருவது பெரும்பாலும் சர்வீஸ் மட்டும்தான். கேஸும் காயிலும் போர்டும் அதில் அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்வது எழுத்தில் வருவதில்லை.

அந்த முறை கம்ப்ரசர் போனதை நான் எளிதில் நம்பவில்லை. வந்த பையன் நல்லவன், மல்டிமீட்டரை என் கையிலேயே கொடுத்தான். கம்ப்ரசரின் மூன்று முனைகளில் இரண்டிரண்டாக வைத்து அளக்க வேண்டும். இன்வெர்ட்டர் வகையில் மூன்று அளவும் சமமாக இருக்க வேண்டுமாம். பழைய வகையில் இரண்டு சிறிய அளவுகளைக் கூட்டினால் மூன்றாவது வர வேண்டும். எங்களுடையதில் ஒன்று எண்ணே காட்டவில்லை, ஒரு முனை உடலோடு ஒட்டியிருந்தது. கண்ணால் பார்த்தபின் பணம் கொடுக்க வருத்தமில்லை.

ஜனக்புரி
மே 21, காலை 10.05

பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பில்லில் கேஸின் பெயர், எடை, மாற்றிய பொருள், எத்தனை நாள் உத்தரவாதம் எல்லாம் வர வேண்டும். மாற்றிய பழைய பொருளைக் கேட்டு வாங்குங்கள். நான் இதனால்தான் பிழைத்தேன். புது மோட்டார் என்று பில் போட்டுவிட்டு, துடைத்த பழைய மோட்டாரை மாட்டியிருந்தார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன், பில்லைப் படம் பிடித்து அனுப்பினேன். இரண்டு வாரத்தில் பணம் திரும்பியது. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது, ஐந்து லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது.

யமுனைக்கரை
மே 21, இரவு 9.30

எல்லோருக்கும் நன்றி. தகட்டைப் பார்த்தேன் தம்பி, ஆர்32 தான், 0.80 கிலோ என்று இருக்கிறது. நேற்று வந்தவரிடம் நைட்ரஜன் வைத்துச் சோதிப்பீர்களா, தராசு இருக்கிறதா என்று கேட்டேன். "இதெல்லாம் யார் சொன்னது?" என்று கோபித்துக்கொண்டார். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். உள் யூனிட்டின் முகப்பைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தபோது செப்புக்குழாய் வளைவுகள் செம்பு நிறமாகவே இல்லை, மை பூசியது போலக் கறுத்திருக்கின்றன. எங்கள் அடுக்ககத்துக்குப் பின்னால் பெரிய நாலா, அதாவது சாக்கடைக் கால்வாய், ஓடுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

கோட்லா மெக்கானிக்
மே 21, இரவு 10.15

உண்டு அக்கா, அதுதான் காரணமாக இருக்க வேண்டும். சாக்கடையிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வருகிறதல்லவா, அது ஹைட்ரஜன் சல்பைடு. பூஜை அறையில் வெள்ளி விளக்கு கறுத்துப்போவதும் அதே வாயுவால்தான். செம்பையும் அது அரிக்கும். நாலாவை ஒட்டிய வீடுகளில் இரண்டு மூன்று ஆண்டிலேயே உள் காயில் கசியத் தொடங்குவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஊசிமுனையை விடச் சிறிய துளைகள், பல இடங்களில் இருக்கும். ஒன்றைப் பற்றவைத்தால் அடுத்த மாதம் இன்னொன்று. அதனால் இந்த நிலையில் ஒட்டுப்போடச் சொல்ல மாட்டேன், காயிலையே மாற்ற வேண்டும். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வருகிறேன், முதலில் சோதித்து உறுதி செய்வோம். கசிவு காயிலில் இல்லை என்றால் காயிலைத் தொட மாட்டேன்.

லட்சுமி நகர்
மே 22, காலை 8.40

எங்கள் வீடும் நாலாவிலிருந்து இருநூறு அடிதான். இரவு போய் முகப்பைத் திறந்து பார்த்தேன். கறுத்துத்தான் இருக்கிறது. நான்கு ஆண்டாகப் பன்னிரண்டாயிரம் கொடுத்திருக்கிறேன். தம்பி, எங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் வர முடியுமா?

நொய்டா பொறியாளர்
மே 22, காலை 11.10

காயில் மாற்றுவதா, புதிய ஏசி வாங்குவதா என்பதையும் யோசியுங்கள். என் அளவுகோல் இது: பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியை நெருங்கினால், ஏசிக்கு எட்டு வயதும் தாண்டியிருந்தால், பழையதில் பணம் போட மாட்டேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஏசிக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 விழுக்காடாகக் குறைந்துவிட்டது, அதனால் பழைய விலையை மனதில் வைத்துக் கணக்குப் போட வேண்டாம். ஆறு வயது இன்வெர்ட்டர், கம்ப்ரசர் நன்றாக இருக்கிறது என்றால் காயில் மாற்றுவதே சரி. புதிய ஏசி வாங்கினாலும் அதே நாலாதானே பின்னால் ஓடப்போகிறது.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். ஏசியின் திறனை அளப்பது வெளியே 35 டிகிரி இருக்கும்போது. 2024 மே 29 அன்று டெல்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி பதிவானது. அப்படிப்பட்ட பகலில் எந்த ஏசியும் தன் முழுக் குளிரைத் தராது. பிற்பகல் மூன்று மணிக்குக் குளிர் போதவில்லை என்று மெக்கானிக்கை அழைக்கும் முன், இரவு பதினொரு மணிக்கு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

யமுனைக்கரை
மே 24, இரவு 10.20

சனிக்கிழமை தம்பி சொன்ன நேரத்துக்கு வந்தார். வெளி யூனிட்டையும் உள் யூனிட்டையும் பிரித்துத் தனித்தனியே நைட்ரஜன் ஏற்றினார். வெளி யூனிட்டின் முள் இரண்டு மணி நேரம் அசையவில்லை. உள் யூனிட்டின் முள் நாற்பது நிமிடத்தில் 300-லிருந்து 255-க்கு வந்துவிட்டது. காயிலைக் கழற்றிக் குளியலறையில் பெரிய தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தி மறுபடி நைட்ரஜன் ஏற்றினார். மூன்று வளைவுகளிலிருந்து கடுகு அளவுக் குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. மாமியார் குனிந்து பார்த்துவிட்டு, "இந்த வழியாகவா நம் பணம் போனது?" என்று கேட்டார்.

செலவை எழுதிவிடுகிறேன். காயில் ரூ.7,200. சோதனை, பற்றவைப்பு, மாட்டும் கூலி ரூ.1,800. வாக்குவம் போட்டு 0.80 கிலோ கேஸ் ரூ.2,900. மொத்தம் ரூ.11,900. தராசில் சிலிண்டரின் எடை 6.34 கிலோவிலிருந்து 5.54-க்கு இறங்கியதை நானே எழுதி வைத்துக்கொண்டேன். காயிலுக்கு ஓராண்டு உத்தரவாதம் பில்லில் இருக்கிறது. கடையில் புதிய ஏசிக்கு ரூ.38,500, மாட்டுவதற்குத் தனி என்றார்கள். முன்பு இரண்டு முறை கொடுத்த ரூ.5,800-ஐ நினைத்தால் வயிறு எரிகிறது. முதல் முறையே யாராவது நுரை தடவிப் பார்த்திருந்தால், அப்போது காயிலுக்கு ஐந்து ஆண்டு வாரண்டி இருந்தது. அட்டையை இப்போதுதான் தேடி எடுத்துப் படித்தேன்.

இரவு அளந்து பார்த்தேன். உள்ளே போகும் காற்று 29, வெளியே வரும் காற்று 17.

கோட்லா மெக்கானிக்
மே 25, காலை 6.30

நாலாப் பக்க ஜன்னலை மூடியே வையுங்கள் அக்கா, அந்தக் காற்று அறைக்குள் எவ்வளவு குறைவாக வருகிறதோ அவ்வளவுக்குக் காயில் தாங்கும். வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை குழாயடியில் கழுவினால் போதும், அதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். தண்ணீர் சொட்டினாலும் பயப்படாதீர்கள், பெரும்பாலும் வடிகுழாயில் பாசி அடைத்திருக்கும், சர்வீஸோடு சரியாகிவிடும்.

யமுனைக்கரை
ஜூன் 7, இரவு 9.15

இரண்டு வாரமாகிறது, இன்றும் அளந்தேன், அதே 12 டிகிரி வித்தியாசம். எங்கள் கட்டடத்தில் நாலாவைப் பார்த்த பக்கம் ஆறு வீடுகள். விசாரித்ததில் நான்கு வீட்டில் ஆண்டுதோறும் கேஸ் நிரப்புகிறார்கள். தகட்டில் இருக்கும் எடை, நைட்ரஜன் சோதனை, தராசு என்று மூன்று கேள்விகளை இந்தியில் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். முதல் மாடிப் பஞ்சாபி அம்மாவின் ஜன்னல் ஏசி 2012-இல் வாங்கியது, ஆர்22 என்று தகட்டில் இருக்கிறது. அதில் ஆர்32 நிரப்பித் தருகிறேன், மலிவாக முடியும் என்று ஒருவர் சொல்கிறாராம். சரியா தம்பி?

கோட்லா மெக்கானிக்
ஜூன் 7, இரவு 10.02

கூடவே கூடாது அக்கா, இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். ஆர்32-இன் அழுத்தம் ஆர்22-ஐ விட ஒன்றரை மடங்குக்கும் மேல், அந்தப் பழைய குழாயும் கம்ப்ரசரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. எண்ணெயும் வேறு. ஆர்32 தீப்பற்றவும் கூடியது. 2025 ஜனவரி 1 முதல் புதிய ஏசி தயாரிப்பில் ஆர்22-க்கு இடமில்லை, ஆனால் பழுதுபார்ப்பதற்கு இன்னும் கிடைக்கிறது, விலைதான் ஏறிக்கொண்டே போகும். கசிவு சின்னதென்றால் அடைத்து அதே ஆர்22 கேஸையே நிரப்பலாம். காயில் போயிருந்தால் அந்த வயதுப் பெட்டிக்குச் செலவு செய்ய வேண்டாம். செவ்வாய்க்கிழமை லட்சுமி நகர் அண்ணன் வீட்டுக்கு வருகிறேன், வழியில் அந்த அம்மாவின் ஏசியையும் பார்த்துவிடுகிறேன். அதுவரை யாரையும் தொடவிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.